கலியாண மணலுக்குக் கீழே எண்ணெய்

தம்பி,

நான் நலம், நீ நலமோ என்று எழுதித்தான் இந்த வீட்டுக் கடிதங்கள் தொடங்கும். இன்றைக்கு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கே வெயில் கொளுத்தினாலும் கம்பனி சாப்பாடு போடுகிறது, படுக்க இடம் தருகிறது, உன் காலில் பத்து விரலும் இருக்கிறது. இங்கே உன் தங்கச்சி கலாவின் புருஷனுக்கு எட்டு விரல்தான் மிச்சம். விபத்தைப் பற்றி நான் எழுதியதற்கு உன் பதில் போன கிழமை வந்தது. "மச்சானுக்கு மெசின் பழக்கமில்லை அம்மா, கண்டபடி பாவிச்சிருப்பார், என்னில ஒரு பிழையும் இல்லை" என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி விறாந்தையில் இருந்து வாசிப்பது நீ போன நாளில் இருந்து என் வழக்கம். இதையும் அப்படித்தான் வாசிக்கத் தொடங்கினேன். அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. மருமகன் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். "வாசியுங்கோ மாமி, நிப்பாட்டாதேங்கோ" என்றார். கலா அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் கடைசி வரை வாசித்தேன். உனக்குப் பேசிவந்த புங்குடுதீவுப் பெண்ணின் குறிப்பை வாங்கிப் பொருத்தம் பார்க்கச் சொல்லி நீ எழுதியிருந்ததையும் வாசித்தேன்.  நீ எழுதியது பொய் என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் ஏற்கனவே தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

கலவரத்தில் தெற்கில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு உன் அப்பா ஊருக்கு வந்தபிறகு, மிஞ்சியதையெல்லாம் திரட்டி வாங்கிய சின்ன உழவு இயந்திரம்தான் அந்த மெசின். எங்கள் சரவணைக் கிராமத்து வயல்களில் பெரியது திரும்ப இடமில்லை, இதுதான் வரம்புக்குள் வளைந்து போகும் என்று அவரே பார்த்து எடுத்தார். கலாவுக்கு வீடு, வயல், நகையோடு அதையும் சீதனமாகக் கொடுப்பது என்று அவர் இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். அவர் போனபிறகு அதை ஓட்டியது நீ. பராமரித்தது நீ. காரைநகரில் சம்பந்தம் சரிவந்தபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்துக்கொண்டு, "கலியாணத்தண்டைக்கு மெசினையும் ஒருக்காப் பாப்பம்" என்றார். அன்று தொடங்கி நீ ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாய், புதுப் பெயின்ற் அடித்தாய், அல்லைப்பிட்டியில் இருந்து வெள்ளை மணல் ஏற்றி வந்து முற்றம் முழுக்கப் பரப்பினாய். பந்தலுக்குக் கீழே ஒரு விரல் கனம். இயந்திரம் நிற்கும் கொட்டிலுக்குள் மட்டும் ஒரு சாண் கனம். "அதுக்குள்ள ஏனடா இவ்வளவு?" என்று கேட்டேன். "அது அவையள் வந்து பாக்கிற இடம் அம்மா, வடிவா இருக்க வேணும்" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தகப்பன் இல்லாத குறை தெரியாமல் தங்கச்சிக்குச் செய்கிறான் என்று வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னேன். சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, அது மாப்பிள்ளையை விடப் பளபளப்பாக நின்றது. நீ மருமகனின் கையில் மெசினைக் கிளப்பும் திறப்பைக் கொடுத்து என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதோ? "இறுக்கமான மெசின் மச்சான். கலப்பையைத் தூக்கினா தூக்கினபடி நிக்கும்." நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு மறக்காது.

நீ விமானம் ஏறிப் போய்விட்டாய். புரட்டாதியில் முதல் மழை விழுந்தது. முதல் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வயலுக்குள் இறங்கினார்கள். மருமகனும் இறங்கினார். காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மத்தியானம் மெசினுக்குப் பின்னால் பூட்டிய கொத்துக் கலப்பையில் பழைய முட்கம்பிச் சுருள் ஒன்று சிக்கிவிட்டது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிப் போய்க் கம்பியை இழுத்திருக்கிறார். கலா தேத்தண்ணியோடு வரம்பில் வந்துகொண்டிருந்தாள். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம், எண்ணெய் விசிறி அடித்ததாம், கலப்பை அப்படியே வந்து அவர் வலது பாதத்தில் இருந்ததாம். கத்தக்கூட இல்லையாம் அந்த மனுசன். கலாதான் கத்தினாள். பக்கத்து வயல்காரர் நாலு பேர் ஓடிவந்து கலப்பையைக் கிளப்பிக் காலை எடுத்தார்கள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டு உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரலை எடுத்தார்கள். கலியாண மஞ்சள் மணம் இன்னும் போகாத பிள்ளை ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுததை நீ பார்த்திருக்க வேண்டும். பாராமல் தப்பினாய்.

சம்பந்தியம்மா காரைநகரில் இருந்து வள்ளம் ஏறி வந்தா. மகனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு ஊர் கேட்க ஒரு கேள்வி கேட்டா. "மச்சாள், உங்கட மெசின் பழுதெண்டு தெரிஞ்சுதான் என்ர பிள்ளையின்ர தலையில கட்டினீங்களோ?" எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வாழ்க்கையில் ஒருவருக்கும் பழுதான தேங்காய்கூடக் கொடுத்தறியேன். "வாங்கோ பிள்ளையார் கோயிலுக்கு" என்று அவவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சந்நிதியில் கற்பூரம் கொளுத்தினேன். "இந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்சு மறைச்சிருந்தா என்ர குடும்பம் விளங்காது" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். என் கையில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.  அவ சேலைத் தலைப்பால் என் கையைத் துடைத்துவிட்டா. கேட்கிறாயோ தம்பி? என்னை நம்பி, என் கையைத் துடைத்துவிட்டா.

மருமகன் ஆஸ்பத்திரியால் வந்ததும் விதைப்பை நினைத்துத் துடித்தார். வேலணையில் இருக்கிற மெக்கானிக்கை அந்தக் கிழமையில் பிடிக்க ஏலாது, தீவு முழுக்க அவரைத் தேடி ஆட்கள் திரிந்தார்கள். "நாங்களே கழட்டுவம்" என்றாள் கலா. அப்பாவுக்குப் பக்கத்தில் விளக்கும் ஸ்பானருமாக நின்று பார்த்தவள்தானே. மருமகனைக் கதிரையோடு தூக்கிக் கொட்டில் வாசலில் வைத்தோம். அவர் கைத்தடியால் காட்டக் காட்ட அவள் செய்தாள். கலப்பையைத் தூக்கும் உருளைக்கு எண்ணெய் கொண்டுபோகிற இரும்புக் குழாய்தான் வெடித்துப் போயிருந்தது. அதன் வாயைப் பிடித்திருந்த நட்டைச் சுற்றிப் புதுப் பெயின்ற் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. கலா கத்தியால் சுரண்டினாள். பெயின்ற் பட்டைபட்டையாகக் கழன்றது. அதற்குள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். மெழுகுபோலத் தேய்த்து அப்பிய சவர்க்காரம். அதற்குள் ஒரு துணித்துண்டு, இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கலா அதை அவிழ்த்து என் கையில் தந்தாள். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. நான் வீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். உன் அப்பா கடைசியாக உடுத்த சாரம், நான் தோய்த்து மடித்து வைத்திருந்தது, அங்கேதான் இருந்தது. விரித்துப் பார்த்தேன். ஒரு கரை கிழிபட்டிருந்தது.

உனக்கு வேறு துணி கிடைக்கவில்லையோ? கலியாண வீடு முழுக்கத் துணிதானே கிடந்தது. அந்தச் சாரத்தை உடுத்திக்கொண்டுதான் ஒருநாள் அவர், தூக்கி நிறுத்திய கலப்பைக்குக் கீழே நீ படுத்துக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்ததைக் கண்டு ஓடி வந்தார். உன் காலைப் பிடித்து வெளியே இழுத்து முதுகில் போட்டார் ஒன்று. உன்னை அவர் கைநீட்டி அடித்தது அந்த ஒரு தரம்தான். பிறகு கொட்டில் நிலத்தில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "அதைத் தூக்கி வைச்சிருக்கிறது இரும்பில்லையடா, எண்ணெய். எண்ணெய் போனா அது விழும்." நான் குசினியில் இருந்து கேட்டேன். நீயும் கேட்டாய். கலப்பையை முதலில் நிலத்தில் வை, இயந்திரத்தை நிறுத்து, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி உள்ளே இருக்கிற அமுக்கத்தை வெளியே விடு, அதற்குப்பிறகுதான் ஸ்பானரைத் தொடு என்று அன்றைக்கு முழுக்க உன்னைச் சொல்லவைத்துக் கேட்டார். ஓம், மருமகனும் கலப்பையை இறக்கிவைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்க வேண்டும். அதை அவரே சொல்கிறார், தன் பிழையை ஒளிக்கவில்லை. ஆனால் தூக்கினபடி நிற்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஆள் நீ. பழக்கமில்லாதவர் என்று தெரிந்துதான் சொன்னாய். இப்போது பழக்கமில்லாதவர் என்றே பழியும் போடுகிறாய். என்ன நாக்கடா உனக்கு.

கொட்டில் மணலைக் காலால் விலக்கிப் பார்த்தேன். மேலே வெள்ளை, கீழே தார்போலக் கறுப்பு. எத்தனை நாள் ஒழுகினால் நிலம் அப்படிக் கறுக்கும். அதன்மேல் மணலைக் கொட்டிவிட்டு வடிவு என்றாய், நான் ஊருக்கெல்லாம் உன் பெருமை பேசினேன். என்னை ஒரு முட்டாள் என்று நினைத்திருப்பாய், நினைத்துவிட்டுப் போ. ஆனால் கோயிலில் கொண்டுபோய்ப் பொய்ச் சத்தியம் பண்ண வைத்தாயே, அதை நான் எந்தத் தண்ணீரில் கழுவ? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் உண்மை. இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது என்று சொன்னேன். உன்னையும் சேர்த்துச் சொன்னேன். உன்னை நினைத்து மனதில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் அந்தக் கற்பூரத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

அடுத்தநாள் காலை ஊர்காவற்றுறைக்குப் போய்க் காரைநகருக்கு வள்ளம் ஏறினேன். கலா வேண்டாம் என்று அழுதாள். சம்பந்தம் முறிந்துவிடும், அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மருமகன், "மாமி போகட்டும்" என்று ஒரு சொல் சொன்னார். சம்பந்தியம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. நான் கதிரையில் இருக்கவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. துணித்துண்டை அவவின் முன்னால் நீட்டினேன். "நான் பண்ணின சத்தியம் பொய். என்ர மகனுக்குத் தெரியும். அவன்தான் மறைச்சவன்" என்றேன். அவ விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தா. திட்டுவா, வெளியே போங்கோ என்று படலையைக் காட்டுவா என்று எதிர்பார்த்து நின்றேன். "இதைச் சொல்லத்தான் வள்ளம் ஏறி வந்தனீங்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "நீங்கள் வந்தனீங்கள் மச்சாள். செய்தவர் வரேல்லை" என்றா. பிறகு உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தா. அதைக் குடித்துவிட்டு அடுத்த வள்ளத்தில் திரும்பினேன்.

குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போனதும் நான்தான். கடைச்சல் பட்டறைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "கசியுது கசியுது எண்டு மேல மேல இறுக்கியிருக்கினம் அம்மா, அதுதான் வாய் வெடிச்சது. வெடிப்புக்குச் சவர்க்காரம் வைச்சது ஆர்?" என்று கேட்டார். "என்ர மகன்" என்றேன். "அவர் இப்ப என்ன செய்யிறார்?" "வெளிநாட்டில மெக்கானிக்." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து வேலையைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. வேலையோ அரை நாளுக்குள் முடிந்தது. அதே அளவில் புதுக் குழாய், இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாசர், உருளையின் வாய்க்கு ஒரு றப்பர் சீல். இவ்வளவுதான் தம்பி. இதற்காகத்தான் ஒரு மனுசனின் காலில் இரண்டு விரல் போனது. வீட்டில் கலா துணியால் துடைத்துத் துடைத்துத் தூசி படாமல் பூட்டினாள், பொறுக்கும் அளவுக்கு இறுக்கிவிட்டு நிறுத்தினாள், வடித்த எண்ணெய் ஊற்றினாள், கலப்பையைப் பலதடவை தூக்கி இறக்கி உள்ளே இருந்த காற்றைப் போக்கினாள். கசிகிறதோ என்று பார்க்கக் குழாயில் கையை வைக்கப் போனாள். "கையை எடும்" என்று மருமகன் கதிரையில் இருந்தபடி போட்ட அதட்டலில் கோழியெல்லாம் பறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையால் வரும் எண்ணெய் ஊசிபோலத் தோலுக்குள் ஏறிவிடும், பிறகு கையையே எடுக்கவேண்டி வரும் என்றார். நீயும் அறிந்த விசயம்தான் அது. பிஸ்கற் பெட்டி மட்டை ஒன்றைக் கொடுத்துக் குழாய் நெடுகப் பிடிக்கச் சொன்னார். மட்டை காய்ந்தபடியே வந்தது. குழாயின் மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி, கலப்பையைத் தூக்கி, விழுந்தால் தாங்கக் கீழே இடைவெளி விட்டுப் பனங்குற்றியை வைத்து, பொழுது சாயும்வரை விட்டுப் பார்த்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. கலப்பை அசையவில்லை. ஈரம் காய்ந்துபோன வயலில் அடுத்த மழைக்குப் பிறகு, பிந்தித்தான் விதைத்தோம். பக்கத்து வயலில் நெல் கணுக்கால் உயரம், எங்களுடையது இப்போதுதான் முளை காட்டுகிறது.

நீ ஏன் மறைத்தாய் என்று யோசித்து யோசித்து எனக்கு விசர் பிடிக்கிறது. கசிவு இருக்கிறது, ஒரு கிழமை பொறுங்கோ, திருத்தித் தாறன் என்று சொல்லியிருந்தால் அந்த மனுசர் என்ன கலியாணத்தையா நிறுத்தியிருப்பார்கள்? மாப்பிள்ளை பகுதிக்கு முன்னால் ஒரு சொட்டு எண்ணெய் தெரியக்கூடாது, எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் தெரியக்கூடாது. இந்த எண்ணம்தானே? எங்கள் சனத்துக்கே உள்ள வியாதி இது. பந்தலைக் காட்டுவோம், மணலைக் காட்டுவோம், கீழே கிடப்பதைக் காட்ட மாட்டோம். நீ இப்போது வேலை செய்கிற இடத்தில் பெரிய இயந்திரங்கள் நிற்கும் என்று எழுதினாய். அங்கே ஒரு குழாய்க்குச் சவர்க்காரம் அப்பிப் பெயின்ற் அடித்தால் முதலாளி உன்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவான். அவனுக்கு நேர்மையாக வேலை செய்கிறாய், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாய். கூடப் பிறந்தவளுக்குத்தானா உனக்குச் சவர்க்காரம் கிடைத்தது?

புங்குடுதீவுக்கு நான் போகவில்லை, போகவும் மாட்டேன். பெண்ணின் தாய் என்னிடம் முதலில் என்ன கேட்பா தெரியுமோ? உங்கட மகன் எப்பிடிப்பட்டவர் எண்டு கேட்பா. நான் இந்த வருசம் உனக்காக ஒரு சத்தியம் பண்ணிவிட்டேன், இன்னொன்று பண்ண என் கையில் தோல் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினையாதே. கோபம்தான், ஆனால் நாலு நாள் வைத்திருந்து எழுதிய கோபம். நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.

அந்தச் சாரத்துண்டை இதற்குள் வைத்து அனுப்புகிறேன். தோய்க்கவில்லை. கடிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் அது அதனால்தான். நீ இனி எனக்கு எழுதத் தேவையில்லை. மருமகனின் பெயருக்கு எழுது. மச்சானுக்கு என்று தொடங்கி, நீ என்ன செய்தாய் என்பதை உன் கையால் எழுது. சுகம் விசாரிக்கவும் வேண்டாம், உன் கஷ்டத்தைச் சொல்லவும் வேண்டாம். அவர் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார், ஆனாலும் தபால் வருகிற நேரத்துக்குக் கதிரையை விறாந்தை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார். உன் கடிதம் வந்தால் நான்தான் உடைப்பேன், வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசிப்பேன். கலா குசினி வாசலில் நிற்பாள். என்னை நடுவில் நிறுத்தப் பண்ணாமல் எழுது.

அம்மா